கோர்சோ விக்கியின் உள்தையல்

எங்கள் விக்கி ஆண்டுக்கு ஒருமுறை ஆடை மாற்றிக்கொள்ளும். கார்னிவல் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, மதிய உணவுக்குப் பின், பந்துருட்டும் சங்கத்தின் சிற்றுண்டிச்சாலையில் அந்தச் சடங்கு நிகழும். எபெர் லரோசா தம் மடிக்கணினியை மேசையின் நடுவே வைப்பார். அதன்மேல் ஒரு படுக்கைவிரிப்பைப் போர்த்துவார். பிறகு நாங்கள் அனைவரும் வாய் மூடும்வரை காத்திருப்பார். மொந்தேவிதேயோ நகரத்தில் பிறர் வாய் மூடும்வரை காத்திருப்பது எளிய செயலன்று. ஆயினும் அவர் காத்திருப்பார்.

இதற்குக் காரணம் அவருடைய தொழில். எபெர் மூர்காக் குழுக்களுக்கு ஆடை தைப்பவர். முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, பெருமுரசும் தாளமும் முழங்க, அவ்வாண்டின் அரசியல் கூத்துகளையெல்லாம் பாட்டிலே கிழித்துத் தொங்கவிடும் பாடகர் கூட்டமே மூர்கா. அரங்கேற்றத்தன்று மேடை விளக்கு எரியும்வரை அவர்களுடைய உடையை வெளியார் ஒருவரும் காணலாகாது. நிறத்தை உளறியவன் குழுவில் நிலைக்க மாட்டான். எபெர் ஒருமுறை தம் சொந்த மைத்துனனையே குழுவிலிருந்து நீக்கினார். அவன் செய்த குற்றம், மதுக்கடை ஒன்றில் "ஊதா" என்று ஒற்றைச் சொல் சொன்னது.

'கோர்சோ' என்னும் எங்கள் விக்கியைக் கட்டியவரும் அவரே. மூர்காக்களின் பாடல் வரிகள், மேடைகளின் வரலாறு, முரசடிப்போரின் பட்டப்பெயர்கள் ஆகிய அனைத்தையும் அங்கே யார் வேண்டுமாயினும் எழுதலாம். யார் வேண்டுமாயினும் திருத்தலாம். ஆனால் இரண்டு கோப்புகள் மட்டும் எபெர் ஒருவருக்கே திறக்கும். பக்கங்களின் நிறம், எழுத்தின் உருவம், இடைவெளி ஆகியவற்றை ஆள்வது ஒப்பனைக் கோப்பு. திரையில் அசைபவற்றை எல்லாம் அசைப்பது இயக்கக் கோப்பு. வேறொருவர் அவற்றைத் தட்டினால், "அரங்கேற்றத்துக்கு முன் எட்டிப் பார்க்காதே" என்று ஒரு கோமாளி முகம் நாக்கை நீட்டும்.

"டேய் ஒல்லி, அந்தத் தெர்மாஸை நகத்து. விரிப்பு மேல மாத்தே டீ சிந்துச்சுன்னா உன்னையும் சேத்து வச்சுத் தைச்சிடுவேன்" என்று அந்தச் சனிக்கிழமை எபெர் என்னை எச்சரித்தார்.

என் பெயர் வில்மார். மருந்துக்கடையில் பணி, எபெர் உடை தைக்கும் 'கடைசி ஒழுகல்' என்னும் மூர்காவில் இரண்டாம் குரல். ஆயினும் என்னை வில்மார் என்று அழைப்பவர் வரித்துறையினர் மட்டுமே.

"மாஸ்டர், சீக்கிரம் திறங்க. பிஸ்கோச்சோ தீரப்போகுது" என்றாள் அனாயி, தட்டில் குறைந்துவரும் வெண்ணெய் ரொட்டிகளைக் காட்டி. கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் அவள், எங்கள் கூட்டத்தில் நிரல் எழுதுவதை முறையாகப் படித்த ஒரே ஆள்.

எபெர் விரிப்பை உருவினார். அடர்ந்த இரவு நீலம். அதன்மேல் மெல்லிய பொன்னிற எழுத்துகள். மேலிருந்து உதிரும் பளபளப்புத் துகள்கள். விரல் பட்டால் அத்துகள்கள் பறவைக் கூட்டம்போல் சிதறின. நாங்கள் கை தட்டினோம். உண்மையிலேயே அழகாயிருந்தது.

ஒலிந்தா பெந்தன்கோர் மட்டும் கை தட்டவில்லை. அவர் தம் கைப்பேசியை மூக்கருகே வைத்துப் பார்த்தார். கை நீளத்துக்கு விலக்கிப் பார்த்தார். சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தும் பார்த்தார்.

"எபெரு, நீ என்னத்தையோ திறந்துட்டன்னு எல்லாரும் கை தட்டுறாங்க. எனக்கு இங்க ராத்திரிதான் தெரியுது."

"அது ராத்திரி நீலம்தான்!" என்றார் எபெர் பெருமிதத்துடன்.

"நீலம் இருக்கட்டும். எழுத்து எங்கய்யா?"

ஒலிந்தாவைப் பற்றி இங்கே கூறுதல் வேண்டும். மூர்காக்களின் புதுப் பாடல்கள் எந்த அச்சிலும் வருவதற்கு முன் கோர்சோவில் வந்துவிடும். அதற்குக் காரணம் அவர் ஒருவரே. முதல் வரிசையில் அமர்ந்து, பாடப் பாடக் கேட்டுக் கைப்பேசியில் எழுதுவார். பாடி முடித்த குழு அடுத்த மேடைக்குச் செல்லப் பேருந்தில் ஏறும் முன்னரே அவர்களுடைய வரிகள் எங்கள் பக்கத்தில் ஏறியிருக்கும். சில ஆண்டுகளாக அவருடைய பார்வையின் நடுப்பகுதி மங்கி வருகிறது. மேடை அவருக்கு இப்போது நிறம் கலந்த புகை. கருப்பின்மேல் தடித்த மஞ்சள் எழுத்து, அதுவும் பெரிதாக இருந்தால் மட்டுமே அவரால் படிக்க இயலும். எங்கள் விக்கி இதுவரை உடுத்திய எளிய உடைகளை அவருடைய கைப்பேசியே அவ்வாறு மாற்றிக் காட்டிவந்தது. இந்தப் பொன்னாடையோ எதற்கும் மசியவில்லை.

"பாட்டு காதுல வருது, கை எழுதுது. எழுதினது என்னன்னு எனக்கே தெரியலைன்னா நான் எதுக்கு அங்க போய் உக்காரணும்? அங்க விக்கற சோரிபான் ரொட்டி திங்கவா?" என்றார் ஒலிந்தா.

"அதுக்கு வழி இருக்குக்கா" என்று அனாயி குறுக்கிட்டாள். "நம்ம ஒவ்வொருத்தருக்கும் தனியா ஒரு ஸ்டைல் பக்கம் இருக்கு. அதுல நீங்க எழுதுறது உங்க ஃபோன்ல மட்டும்தான் தெரியும். மாஸ்டரோட ஸ்டைலுக்கு மேல உங்களுதைப் போட்டுக்கலாம். ஆனா எதை மாத்தணுமோ அதோட பேரு தெரியணும். எந்தத் துண்டுக்கு என்ன பேரு வச்சிருக்காருன்னு அவர் ஃபைலைப் பாத்தாதான் தெரியும்."

"பாக்கவா?" என்று எபெர் கேட்டார். தம் உள்ளாடையைக் கழற்றித் தரும்படி யாரோ கேட்டுவிட்ட தொனி அது.

"மாத்த வேணாம் மாஸ்டர். பாத்தா போதும்."

எபெர் தாடையைச் சொறிந்தார். இசைந்துவிடுவார் போலவே தோன்றியது. "சரி, உனக்கு என்ன நிறம் வேணும் ஒலிந்தா?"

"கருப்பு மேல மஞ்சள்."

வெளியே பந்தோடு பந்து மோதும் ஓசை தெளிவாகக் கேட்டது.

எபெர் நாசியோனால் கால்பந்து அணியின் அடியார். மஞ்சளும் கருப்பும் பென்யரோல் அணியின் நிறங்கள். இந்நகரத்தில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே அணி வைத்துவிடுவார்கள். பிறகு பெயரை மாற்றினாலும் மாற்றலாம், அணியை மாற்ற இயலாது. மறைந்துவிட்ட ஒலிந்தாவின் கணவரோ, இரண்டு சன்னல்களை மறைக்கும் அளவுக்குப் பெரிய பென்யரோல் கொடியை மாடத்தில் தொங்கவிட்டவர்.

"புரிஞ்சுபோச்சு" என்றார் எபெர். "கண்ணு, டாக்டரு, எல்லாம் புரிஞ்சுபோச்சு. மனுஷன் போய்ச் சேந்தும் என்னை விடலை."

"எபெரு, வாயைக் கழுவு."

"என் விக்கியில பென்யரோல் நிறமா? நான் செத்த பிறகு வந்து போத்துங்க!"

ஒலிந்தா கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "வியாழக்கிழமை உங்க அரங்கேற்றம். அதுக்குள்ள எனக்கு எழுத்து தெரியணும். இல்லன்னா இந்த வருஷம் நான் வரலை. இந்த வருஷம் வரலைன்னா இனிமே எப்பவும் வரமாட்டேன். எனக்கு என்னைப் பத்தித் தெரியும்."

பாதி கடித்த பிஸ்கோச்சோவை மேசையிலேயே விட்டுவிட்டு அவர் போனார். பிஸ்கோச்சோவை ஒலிந்தா மிச்சம் வைத்து அதற்குமுன் நான் கண்டதில்லை.

மறுநாள் அனாயியும் நானும் அவளுடைய கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கணினிமுன் அமர்ந்தோம். எபெர் பூட்டியிருப்பது கோப்பின் பக்கத்தை மட்டுமே என்று அவள் விளக்கினாள். கோப்பின் உள்ளடக்கம் எப்படியும் ஒவ்வொருவர் கைப்பேசிக்கும் வந்தே தீரும். வராவிட்டால் திரையில் நீலம் எப்படித் தோன்றும்? ஆனால் அது வரும் உருவம் வேறு. வரி பிரிக்காமல், இடைவெளி விடாமல், குறிப்புகளை எல்லாம் உதறிவிட்டு, ஒரே கட்டாக நசுக்கப்பட்டு வரும்.

"மெத்தையை உருட்டிக் கயிறு கட்டி லாரியில ஏத்துவாங்கல்ல, அந்த மாதிரி" என்றாள்.

நாங்கள் கயிற்றை அவிழ்த்தோம். எபெர் தம் பக்கத்தின் பகுதிகளுக்குச் சட்டையின் பெயர்களையே சூட்டியிருந்தார். தலைப்பின் பெயர் 'தொப்பி'. ஓரப் பட்டியின் பெயர் 'கை'. பாடல் வரிகள் அமரும் கட்டத்தின் பெயர் 'மார்பு'. அப்பெயர்களைக் கொண்டு ஒலிந்தாவின் தனிப் பக்கத்தில் சில வரிகள் எழுதி, அவருக்குத் தொலைபேசினோம்.

"தெரியுது! ஒல்லி, தெரியுதுடா! கமாகூட தெரியுது!" என்று அவர் கத்திய கத்தலில் கடைக்கு வெளியே ஒரு நாய் குரைத்தது.

திங்கள் காலை, ஒருவருக்கு வயிற்றெரிச்சல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, என் கைப்பேசி மீண்டும் அலறியது.

"ஒல்லி, மஞ்சள் மேல மஞ்சள்!"

எபெர் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. அரங்கேற்ற நாள்வரை பிரித்துப் பிரித்துத் தைப்பது அவருடைய இயல்பு. இரவோடிரவாக 'மார்பு' இரண்டாக வெட்டப்பட்டு 'வலது மார்பு', 'இடது மார்பு' என்று ஆகியிருந்தது. எதை வெட்டினார், எதை ஒட்டினார் என்பது கோப்பின் பக்கத்தைப் பார்த்தவருக்கே விளங்கும். நாங்கள் மீண்டும் கயிற்றை அவிழ்த்தோம். மாலையில் அவர் மீண்டும் வெட்டினார்.

"சாவித் துவாரம் வழியா எவ்வளவு நேரம்தான் பாக்கறது? எனக்குக் கழுத்து வலிக்குது" என்றாள் அனாயி. "அந்தாளைக் கதவைத் திறக்கச் சொல்லு."

செவ்வாய்க்கிழமை எங்கள் குழுவுக்கு உடை அளவு பார்க்கும் நாள். எபெரின் தையற்கூடத்தில் சன்னல்கள் அனைத்தும் செய்தித்தாளால் ஒட்டப்பட்டிருந்தன. வாசலில் ஒருவர் காவல் நின்றார். பெருங்குரலோன் தொனாத்தோ மேசைமேல் ஏறி நின்றிருந்தான். அவனால் கைகளைத் தோளுக்குமேல் தூக்க இயலவில்லை.

"பாடும்போது கையைத் தூக்கணும் மாஸ்டர். இப்படியே நின்னா பென்குயின் மாதிரி இருக்கும்."

"போன மாசம் அளவெடுத்தப்போ நீ மனுஷனா இருந்த. நடுவுல என்னத்தைத் தின்ன?" என்று கேட்டவாறே எபெர் சட்டையைக் கழற்றி உட்புறம் வெளியே வருமாறு திருப்பினார்.

தக்க தருணம் என்று எண்ணி, நான் விக்கியின் கதவைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்ததால் உடனே திட்ட முடியவில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தபின், தாழ்ந்த குரலில் பேசினார்.

"உன்கிட்ட சொல்றதுக்கு என்ன. நிறம் மட்டும் இல்லடா ஒல்லி. எனக்கு அதை யாரும் சொல்லித் தரலை. அங்க பாத்து, இங்க பாத்து, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுச் செஞ்சது. வெளிய பாத்தா பட்டு. உள்ள பாத்தா நூலா தொங்கும். அனாயி பாத்தா சிரிச்சே செத்துடுவா."

நான் மறுமொழி சொல்வதற்குள் வாசலில் சலசலப்பு எழுந்தது. "வெளி ஆள்! வெளி ஆள்!" என்று காவலர் கத்தினார். உடனே படுக்கைவிரிப்புகள் பறந்தன. எங்கள் அனைவர் தலையிலும் விழுந்தன. ஒரே கணத்தில் தையற்கூடம் முழுவதும் வெள்ளைப் பேய்கள் நின்றன.

"மூடாதீங்கப்பா" என்றது ஒலிந்தாவின் குரல். "எனக்கு எப்படியும் தெரியாது."

விரிப்புக்குள் யாரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். இந்நகரத்திலேயே அரங்கேற்றத்துக்கு முன் அக்கூடத்துக்குள் வரத் தகுதியுடைய ஒரே வெளியாள் அவர் என்பதை எபெரும் மறுக்க இயலவில்லை.

ஒலிந்தா மேசைவரை தடவி வந்தார். உட்புறம் திருப்பிய சட்டை அவர் கையில் பட்டது. விரல்களால் அதை நெருடினார். "எபெரு, உள்ள எதுக்கு இவ்வளவு துணி மிச்சம்?"

"தையலுக்கு விட்டது. நாளைக்கு எவனாவது குண்டானா பிரிச்சு விடணும்ல."

"நாளைக்கு இல்ல மாஸ்டர், இன்னிக்கு" என்றது தொனாத்தோவின் விரிப்பு.

"நீ சும்மா இரு. அப்போ எபெரு, இந்த உள்பக்கத்தை இவன் பாத்தானா?"

"போட்டுக்கறவன் பாக்காம? எங்க இறுக்குதுன்னு அவன்தானே சொல்லணும்."

"அப்போ நான் யாரு?" என்றார் ஒலிந்தா. "டிக்கெட் வாங்கிட்டு வந்து வேடிக்கை பாக்கறவளா? கோர்சோவை மாட்டிக்கிட்டு மேடை ஏறுறது நாங்கதான். நானு, இந்த ஒல்லி, அந்தப் பொண்ணு. எங்க இறுக்குதுன்னு சனிக்கிழமையே சொன்னேன். நீ என்னை ஆடியன்ஸ்ல உக்கார வச்சிட்ட."

எபெர் சட்டையை இப்பக்கமும் அப்பக்கமும் திருப்பினார். அதில் மிச்சமிருந்த துணியைத் தாமே முதன்முறையாகக் காண்பவர்போல் அளந்தார்.

"மாஸ்டர்" என்றான் தொனாத்தோ. "அவங்க சொல்றது நியாயம்தான். ஆனா எனக்கு இங்க மூச்சு முட்டுது."

எபெர் துணிக்குவியலுக்கு அடியிலிருந்து மடிக்கணினியை இழுத்தார். சில நிமிடங்கள் தட்டினார். பிறகு, "திறந்தாச்சு. சிரிக்கறவன் எல்லாம் சிரிங்க" என்று கூறிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொனாத்தோவின் அக்குளைப் பிரிக்கத் தொடங்கினார்.

புதன் காலை ஒலிந்தா தம் பக்கத்தை அனாயியின் உதவியுடன் அமைத்துக்கொண்டார். உண்மையான பெயர்கள், உண்மையான வரிகள், எதுவும் நசுங்கவில்லை. நண்பகலுக்கோ எங்கள் விக்கிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

நான் மதிய உணவின்போது திறந்து பார்த்தேன். முதற்பக்கம் பச்சையாயிருந்தது. எங்கள் எதிரிக் குழுவான 'பிரிந்த தையல்' சென்ற ஆண்டு உடுத்திய பச்சை அது. புதுப்பித்துப் பார்த்தேன்; சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக நாசியோனால் ஆகிவிட்டது. மறுபடி புதுப்பித்தேன், மஞ்சளும் கருப்பும். மேலிருந்து உதிர்ந்த பளபளப்புத் துகள்கள் இருந்த இடத்தில் இப்போது சோரிபான்கள் உதிர்ந்தன. விரல் பட்டதும் அவை பறவைக் கூட்டம்போல் சிதறின.

எபெர் தொலைபேசியில் கத்தியபோது நான் கருவியைக் காதிலிருந்து நெடுந்தொலைவு விலக்க வேண்டியதாயிற்று. எதிரில் நின்ற வாடிக்கையாளருக்கும் எல்லாம் கேட்டது.

"மஞ்சளும் கருப்பும்! முதல் பக்கத்துல! சொன்னேன்ல? கண்ணு, கண்ணுன்னு என் கண்ணுல மண்ணைத் தூவிட்டா! மூடிட்டேன்! எல்லாத்தையும் மூடிட்டேன்!"

உண்மையாகவே மூடிவிட்டார். கோமாளி மீண்டும் நாக்கை நீட்டினான். அரங்கேற்றத்துக்கு ஒரே இரவுதான் மிச்சம். ஒலிந்தாவுக்குத் தொலைபேசினேன். "நான் ஒண்ணும் பண்ணலை ஒல்லி" என்றார். அவ்வளவுதான். வழக்கமாக என்னை வம்புக்கிழுக்காமல் அவர் பேச்சை முடித்ததில்லை.

அனாயியும் நானும் தையற்கூடத்துக்கு விரைந்தோம். அவள் எபெரிடம் அனுமதி கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணினிமுன் அமர்ந்தாள்.

"மாஸ்டர், இங்க வாங்க. ரெண்டு கட்டம் இருக்கு. மேல இருக்கறது 'பாக்கலாம்'. கீழ இருக்கறது 'மாத்தலாம்'. நேத்து நீங்க ரெண்டுலயும் டிக் போட்டுட்டீங்க."

"திறக்கறதுன்னா திறக்கறதுதானே? பெட்டியைத் திறந்தா எடுத்து மாட்டிக்கத்தானே செய்வான்?"

"கார்னிவல் பெட்டி வேற, இது வேற. இங்க பாக்கறதுக்கு மட்டும்கூடத் திறக்கலாம்." அவள் வேறொரு பக்கத்தைத் திறந்தாள். "இது உங்க ஃபைலோட வரலாறு. இன்னிக்கு யார் யார் தொட்டாங்கன்னு பேரோட இருக்கு. இதுல ஒலிந்தாக்கா பேரு எங்க இருக்கு, காட்டுங்க."

எபெர் கண்ணாடியை மாட்டினார். மேலிருந்து கீழாகத் தேடினார். பிறகு கீழிருந்து மேலாகத் தேடினார். பச்சை அடித்தவன் இருந்தான். சோரிபான் பொழிந்தவன் இருந்தான். மஞ்சள் பூசியவன் தன் பட்டப்பெயரைப் பெருமையுடன் விட்டுச் சென்றிருந்தான். ஒலிந்தாவின் பெயர் இல்லை. கதவு விரியத் திறந்து கிடந்த காலை முழுவதும் அவர் தம் சொந்தப் பக்கத்தைத் தவிர வேறெதையும் தொட்டிருக்கவில்லை.

"அவ பண்ணலை" என்றார் எபெர்.

"அவங்க பண்ணலை."

எபெர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் நெடுநேரம் துடைத்தார். அதன்பின் பழைய கோப்புகளை மீட்டார். கீழ்க் கட்டத்தை விட்டுவிட்டு மேல் கட்டத்தில் மட்டும் குறியிட்டார்.

"இப்போ எவனும் தொட முடியாதுல்ல?"

"பாக்கலாம். பாத்து வயிறெரியலாம். தொட முடியாது."

அன்று மாலைக்குள் ஊரே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டது. எபெர் தமக்குத்தாமே எழுதிக்கொண்ட குறிப்புகள் கோப்பு முழுவதும் சிதறிக் கிடந்தன. "இந்த வரியை எடுத்தால் எல்லாம் விழும். ஏன் என்று கேட்காதே." "இது எப்படி வேலை செய்கிறது என்று தெரியவில்லை. நன்றி." "தொப்பி கோணல். கார்னிவல் முடிந்ததும் சரி செய்." கடைசிக் குறிப்புக்குப் பல கார்னிவல்கள் வயதாகியிருந்தது. கலந்துரையாடல் பக்கத்தில் கேலி மழையெனப் பொழிந்தது. ஆயினும் கேலிக்கு நடுவே, சிறிய கைப்பேசிகளில் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதற்கு எந்த வரி காரணம் என்பதை 'பிரிந்த தையல்' குழுவின் தாளக்காரர் ஒருவர் கண்டுபிடித்து எழுதியிருந்தார். எபெர் அதைத் திருத்தினார்; எதிரிக்கு நன்றியும் சொன்னார். அது கோர்சோவின் வரலாற்றில் பதிவாகியுள்ளது.

அனாயியும் சிரிக்கத்தான் செய்தாள். கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "ஒரே தையலை மூணு தடவை போட்டிருக்கீங்க மாஸ்டர், ரெண்டைப் பிரிச்சிடுங்க" என்றாள். எபெரின் காதுகள் சிவந்தன. "நான் படிச்ச எடத்துலயும் எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க. என்ன, அவங்க ஒத்துக்க மாட்டாங்க. நீங்க எழுதியே வச்சிருக்கீங்க" என்று அவள் சேர்த்துச் சொன்னதும் எபெர் ரொட்டி வாங்குவதாகக் கூறி வெளியே போய்விட்டார்.

வியாழன் மாலை, வெயில் இன்னும் தாழாத நேரத்தில், எங்கள் முதல் மேடை. நாங்கள் முகச் சாயத்துடன் தடுப்புக்குப் பின்னே நின்றிருந்தோம். தடுப்புக்கு அப்பால், கையெட்டும் தூரத்தில், முதல் வரிசையில் ஒலிந்தா அமர்ந்திருந்தார். எபெர் ஒரு கையில் சோரிபானுடன் வந்து, அருகிலிருந்த நாற்காலியில் தயங்கித் தயங்கி அமர்ந்தார்.

"காட்டு" என்றார்.

ஒலிந்தா கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். கருப்புத் தரையில் நாணயம் அளவுக்கு மஞ்சள் எழுத்துகள். வரிக்கு மூன்று சொற்களே அடங்கின. துகள் இல்லை; பொன் இல்லை.

"ஒலிந்தா, இது ரொம்ப அசிங்கமா இருக்கு."

"தெரியுது. இப்பதான் எல்லாமே தெரியுதே."

எபெர் சிறிது நேரம் மென்றார். "நேத்து ஃபோன்ல என்னென்னவோ கத்திட்டேன்."

"ஒல்லி சொன்னான். மருந்துக்கடை முழுக்கக் கேட்டுச்சாமே."

"உன் வீட்டுக்காரர் இந்த ஃபோனைப் பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார். அதைச் சொல்லலாம்ல?"

ஒலிந்தா அவர் பக்கம் சாய்ந்தார். "எபெரு, ஒண்ணு சொல்றேன். வெளிய போகக் கூடாது. டேய் ஒல்லி, தடுப்புக்குப் பின்னாடி காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறது எனக்குத் தெரியும், நீயும் கேட்டுக்க. நான் நாசியோனால்."

எபெரின் சோரிபானிலிருந்து தக்காளி நழுவித் தரையில் விழுந்தது.

"பொய்."

"சின்ன வயசுலேருந்து. கல்யாணத்தப்போ அவர் கேக்கலை, நான் சொல்லலை. அப்புறம் எப்படிச் சொல்றது? அந்தக் கொடியைத் துவைச்சதும் நான்தான், இஸ்திரி போட்டதும் நான்தான். அவங்க தோத்த அன்னிக்கு சமையல்கட்டுல போய் சத்தமில்லாம குதிப்பேன். இப்போ பாரு, கடவுள் என் கண்ணுக்குன்னு இந்த நிறத்தைத்தான் மிச்சம் வச்சிருக்காரு."

எபெர் முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு தோள்களால், பிறகு நாற்காலியே சிரித்தது. "இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் தெரியாதா?"

"ஊதான்னு சொன்னதுக்கு மைத்துனனைத் துரத்துனவன் நீ. உனக்கு நான் விளக்கணுமா?"

(இந்த இரகசியத்தை எழுதலாமா என்று அண்மையில் அவரைக் கேட்டேன். கொடியைக் கணவரின் தம்பிக்குக் கொடுத்தாயிற்று, இனி எழுதிக்கொள் என்றார்.)

முரசு அதிர்ந்தது. நாங்கள் மேடை ஏறினோம். விளக்குகள் எரிய, எங்கள் உடையைக் கண்டு கூட்டம் ஆரவாரித்தது. எதிர்பார்த்த ஆரவாரம்தான், ஆயினும் உடல் சிலிர்த்தது. ஒலிந்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. தலை கவிழ்ந்திருந்தது, கட்டைவிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாம் பாட்டில் ஓரிடத்தில் அவ்விரல்கள் நின்றன. ஒத்திகைகளில் அமர்ந்து எல்லா வரிகளும் மனப்பாடமாகியிருந்த எபெர் அவர் காதருகே குனிந்தார். ஒலிந்தா முழங்கையால் அவரைத் தள்ளினார். "சொல்லாத, நானே கேப்பேன்" என்று அவர் உதடு அசைந்ததை நான் மேடையிலிருந்தே படித்தேன். விரல்கள் மீண்டும் ஓடின.

பேருந்தில் ஏறி அடுத்த மேடைக்குப் புறப்பட்டதும் கைப்பேசியைத் திறந்தேன். பக்கம் ஏறியிருந்தது. என் திரையில் இரவு நீலமும் பொன்னும், உதிரும் துகள்களும். பாட்டுகள் முழுமையாக இருந்தன. கீழே மட்டும் ஒரு குறிப்பு. அதை நான் பேருந்து முழுவதற்கும் உரக்கப் படித்தேன்:

"இரண்டாம் பாட்டின் மூன்றாம் வரியில் பெருங்குரல் பாடகர் ஒரு சொல்லை விழுங்கிவிட்டார். சட்டை இன்னும் இறுக்கமாக இருக்கக்கூடும்."

"பாத்தீங்களா மாஸ்டர்!" என்று தொனாத்தோ பின்னிருக்கையில் எழுந்து நின்று இரு கைகளையும் தூக்க முயன்றான். அக்குளில் ஏதோ கிழியும் ஓசை கேட்டது.

எபெர் பெருமூச்சு விட்டு, ஊசியில் நூல் கோத்தார்.